ஈக்வல் எர்த் உலகப்படம்: ஃப்ளெக்ஸில் அடித்து வகுப்பில் மாட்டிய பிறகு

வகுப்பறைச் சுவருக்கு நல்ல உலகப்படம் தேடும் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தின் பெயர் ஈக்வல் எர்த். 2018இல் வரைபடக் கலைஞர் டாம் பேட்டர்சன் உள்ளிட்ட மூவர் உருவாக்கிய கோட்டுச்சட்டத்தில், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் முறையில், வரைந்தது. நாடுகளின் பரப்பளவு இதில் சரியான விகிதத்தில் இருக்கும். படத்துக்குக் காசு இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், திருத்தவும் செய்யலாம். செலவெல்லாம் ஃப்ளெக்ஸ் கடையில்தான்.

அந்தக் கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு மூன்றடி என்று எழுதிக்கொடுத்தும், மீதித் துணி வீணாகிறது என்று ஆறடிக்கு நான்கடியாக இழுத்து அடித்துவிட்டார்கள். ஆப்பிரிக்கா புடலங்காய் போல நீண்டுவிட்டது. திரும்ப அடிக்க வைத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்குங்கள். சாதா ஃப்ளெக்ஸில் குழல்விளக்கு வெளிச்சம் பட்டுப் பின்பெஞ்சுக்குப் பாதிக் கடல் தெரியாது. பளபளப்பில்லாத துணி கிடைத்தால் அதுவே மேல். நான்கு மூலையிலும் வளையம் போடச் சொல்லுங்கள். காரணம் பிறகு.

இந்தப் படத்தைத் தனியாக மாட்டினால் பாதிப் பயன்தான். எங்கள் பள்ளியில் கிடந்த பழைய மெர்கேட்டர் படத்தைத் தூசி தட்டி இதன் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய படத்தில் கிரீன்லாந்தை வெண்ணெய்த்தாளில் வரைந்து ஆப்பிரிக்கா மேல் வைத்தார்கள். ஏறக்குறைய மூடிவிட்டது. பிறகு புள்ளிவிவரத்தைக் கரும்பலகையில் எழுதினோம். ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து 22 லட்சத்துக்கும் குறைவு. இந்தியா கிட்டத்தட்ட 33 லட்சம். ஆப்பிரிக்காவுக்குள் பதினான்கு கிரீன்லாந்து அடங்கும் என்பதைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். நம் நாடே கிரீன்லாந்தைவிடப் பெரியது என்பதைத்தான் யாரும் நம்பவில்லை. கணக்கைத் திரும்பப் போடச் சொன்னார்கள். புதிய படத்தில் அதே வேலையைச் செய்து பார்த்த பிறகுதான் அடங்கினார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் அவசரப்படக் கூடாது. ஒரு பயிற்சி வகுப்பில், ஐரோப்பாவைப் பெரிதாகக் காட்டவே மெர்கேட்டர் இப்படி வரைந்தார் என்று சொல்லித்தந்தார்கள். அதை அப்படியே வகுப்பில் வைத்தேன், சரியா என்று கேட்டேன். "அண்டார்டிகாவும்தானே வீங்கியிருக்கிறது டீச்சர், அங்கே எந்த ராஜா இருந்தார்?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டது நியாயம். 1569இல் மெர்கேட்டர் வரைந்தது மாலுமிகளுக்கு. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துப் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும். அந்த வசதிக்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பெருக்கிறது. கப்பலுக்கு வரைந்த படம் பள்ளிச் சுவருக்கு எப்படி வந்தது, தங்கள் நாடு பெரிதாகத் தெரிந்ததில் யாருக்கெல்லாம் உறுத்தவே இல்லை என்பதுதான் கேட்க வேண்டியது. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்கேட்டர் படத்தைக் கைவிடக் கோரும் இயக்கத்துக்கு ஆதரவு தெரிவித்த செய்தியை அன்று வாசிக்கக் கொடுத்தேன். நல்ல வாக்குவாதம் நடந்தது.

வளையத்துக்கு வருகிறேன். வடக்கு ஏன் மேலே இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உடனே படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டிவிடலாம். 1154இல் சிசிலி அரசவையில் அல் இத்ரீசி வரைந்த உலகப்படத்தில் தெற்குதான் மேலே. ஈக்வல் எர்த் படத்தின் நடுவில் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் இருப்பது பிடிக்காவிட்டால், அமெரிக்கக் கண்டங்களையோ கிழக்காசியாவையோ நடுவில் வைத்த பிரதிகளும் உண்டு. எனக்கு இன்னொரு ஃப்ளெக்ஸுக்குப் பணமில்லை, திறன்பலகையில் காட்டினேன்.

பீட்டர்ஸ் படம் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் பிரபலப்படுத்தியது, 2017இல் பாஸ்டன் பள்ளிகள் வாங்கி மாட்டியது. அதிலும் பரப்பளவு சரிதான், ஆனால் வெப்பமண்டல நாடுகள் எல்லாம் நெட்டையாகிவிடுகின்றன. என் ஓட்டு ஈக்வல் எர்த்துக்கே.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் எல்லையை, அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் படத்துக்கு மாறாகக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது இங்கே தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டுப் படம் எதுவானாலும் காஷ்மீரை ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கடையில் உட்கார்ந்து திருத்தித்தான் அடித்தேன். திருத்தியதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. பாகிஸ்தான் பள்ளியில் மாட்டும் படத்தில் கோடு எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். வேறு இடத்தில் இருக்கும் என்றேன்.

படத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதற்காக. தமிழ்ப் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒட்டி வருகிறோம். ஃப்ளெக்ஸில் பசை நிற்காது. இரட்டைப் பக்க டேப் வாங்கிக்கொள்ளுங்கள்.