செராமிக் கோட்டிங் போட்ட காரும் வேலூர் உப்புத் தண்ணீரும்

காருக்குச் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு, போட்டு மூன்று கோடை தாண்டிவிட்டது. கறுப்பு செடான், சத்துவாச்சாரியில் பாதி நேரம் வெட்டவெளியில்தான் நிற்கிறது. பளபளப்பு இன்னும் குறையவில்லை. கோட்டிங்கைவிடத் தண்ணீரைக் கவனித்ததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். எந்த பிராண்ட், எத்தனை லேயர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நம்ம ஊர் போர் தண்ணீரின் லட்சணம் பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எங்கள் போர் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதுதான் நல்லது என்கிறது இந்தியத் தர அளவு. கோட்டிங் போட்ட பெயின்ட்டில் தண்ணீர் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் கத்திரி வெயிலில் அந்த முத்து வழிந்து ஓடுவதற்குள் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். துளியில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் அந்த ஒரே இடத்தில் வட்டமாகப் படியும். நாள்கணக்கில் விட்டால் கோட்டிங்கையே அரித்து உள்ளே இறங்கும். கறுப்பு காரில் இது கண்ணைக் குத்தும்.

அதனால் நான் கழுவுவது விடியற்காலையில், இல்லையென்றால் பொழுது சாய்ந்து பானட் ஆறிய பிறகு. இரண்டு பக்கெட்: ஒன்றில் பிஎச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பு, மற்றதில் கழுவும் கையுறையை (மிட்) அலசச் சாதா தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விட் பக்கமே போவதில்லை. மேல்கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், அடிப்பக்கத்து மண் கடைசி. கடைசி அலசலுக்கு மட்டும் சம்ப்பில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, காய்ந்தாலும் அவ்வளவாகத் தடம் விடாது. அது தீர்ந்தால் ஆர்.ஓ.வில் வடிகட்டிய தண்ணீர் ஒரு பக்கெட் போதும். பல வீடுகளில் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் சேமித்து அதில் காரைக் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உலர்த்துவது. பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து மெதுவாக இழுத்தால் தண்ணீர் வந்துவிடும், அழுத்தித் தேய்க்கவே வேண்டாம். கண்ணாடி மடிப்பு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் சந்து இங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தண்ணீர் கார் கிளம்பியதும் வழியும். அதற்குச் சின்ன ப்ளோயர் வாங்கினேன். இந்தக் காருக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

மழைக்காலத்தில் நேரம் இல்லாமல் வாட்டர் வாஷ் கடைக்கும் போவதுண்டு. முதலிலேயே சொல்லிவிடுவேன்: "தம்பி, தண்ணி மட்டும் அடி, துணி போட வேணாம்." "ஃபோம் போட்டுத் துடைச்சாதாண்ணா ஷைனிங் வரும்" என்பான். முந்தைய லாரியைத் துடைத்த அதே துணி பக்கெட்டில் கிடக்கும். அந்த மண் போடும் வட்டக் கீறலை எந்தக் கோட்டிங்கும் தடுக்காது. கோட்டிங் விளம்பரத்தில் சொல்லும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையின் அளவுதான். கோட்டிங்கின் கனமே ஒன்றிரண்டு மைக்ரான்தான். பள்ளிகொண்டா பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் போய்க் கல் தெறித்தால் சில்லு பெயரத்தான் செய்யும். கல்லடிக்குப் பிபிஎஃப் என்ற தடித்த பாதுகாப்பு ஃபிலிம் தனியாக ஒட்ட வேண்டும்.

காக்கா எச்சத்துக்கு மட்டும் வாஷ் நாள் வரை காத்திருக்கக் கூடாது. வெயிலில் பெயின்ட் விரிந்து, ராத்திரி சுருங்கும்போது அந்த அமிலம் அப்படியே பதிந்துவிடும். காரிலேயே ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் வைத்திருக்கிறேன். ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு எடுத்தால் தேய்க்காமலே வந்துவிடும். புங்கமரத்து நிழலில் நிறுத்தினால் படியும் பிசினுக்கும் இதே வைத்தியம்.

மச்சான் வெள்ளைக் காரை அடிக்கடி காட்பாடி ஸ்டேஷனில் விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறுவார். கதவெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி. ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் அது. இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்ததும் ஊதாவாக வழிந்தது. கோட்டிங் செத்துப்போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தவர், அதன் பிறகு தண்ணீர் மறுபடி திரண்டதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பெரும்பாலும் கோட்டிங் போயிருக்காது, அழுக்கு மூடியிருக்கும். நானும் கோடைக்கு முன் ஒருமுறை இப்படிச் சுத்தம் செய்கிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கோட்டிங்குக்கு மேல் அடிக்கும் டாப்பர் ஸ்பிரே. புதிதாக விழுந்த உப்புப் புள்ளிக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர், நிழலில் ஒரு நிமிடம், உடனே நன்றாக அலசிவிட வேண்டும். பழைய புள்ளி இதற்கு மசியாது, பாலிஷ்தான். பாலிஷ் போட்டால் அந்த இடத்துக் கோட்டிங்கும் போய்விடும்.

மறுபடி போடுவேனா என்றால், போடுவேன். தூசி ஒட்டாமல் தண்ணீர் அடித்ததும் போவதே பெரிய நிம்மதி. ஆனால் விலை கூடிய பல லேயர் பேக்கேஜ் வேண்டாம். ஒரு லேயர் போதும். மிச்சப் பணத்தை மொட்டை மாடி மழைத் தண்ணீருக்கு இன்னொரு டிரம் வைக்கச் செலவிடுவேன்.