சுருண்ட கல்லும் கடிபட்ட கல்லும்

புதுச்சேரி நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கிளிஞ்சலும் படிகமும் விற்கிற சின்னக் கடை ஒன்றில் சென்ற மாதம் இரண்டு ட்ரைலோபைட் புதைபடிவங்கள் வாங்கினேன். ட்ரைலோபைட் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, நண்டைப் போன்ற ஒரு கணுக்காலி. கடலூரில் விலங்கியல் ஆசிரியை நான். அம்மா துறைமுகத்தில் முப்பது வருடம் நண்டு விற்றவர். கணுக்காலிகளைக் கண்டால் பணப்பையை மூடி வைக்க எனக்குத் தெரியாது.

முதலாவது, சுருண்டு கிடக்கும் ஃபிளெக்ஸிகாலிமெனே. அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்தது, வயது சுமார் 45 கோடி ஆண்டு, விலை 1,400 ரூபாய். அரைநெல்லிக்காய் அளவுதான். தொட்ட மரவட்டை சுருளுமே, அதுபோல. வாலின் விளிம்பு தலையின் அடியில் போய்ப் பொருந்தியிருக்கிறது. நடுவே என் நகம் நுழையவில்லை. சுண்ணாம்பு ஓடு முதுகுக்குத்தான், கால்களுக்கும் வயிற்றுக்கும் கிடையாது. அந்த மென்மையான பகுதி முழுவதையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வதுதான் இந்தப் பிராணியின் தற்காப்பு. சுருண்ட நிலையிலேயே சேறு வந்து மூடியதால் இன்று உள்ளங்கையில் உருள்கிறது. கொடுத்த காசுக்கு மேல் மதிப்புள்ள பொருள்.

இரண்டாவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த எல்ராதியா, 50 கோடி ஆண்டுப் பழையது. 2,600 ரூபாய். வலப்பக்கம், வாலை ஒட்டி, மூன்று விலாக்கள் குட்டையாக நின்றுவிடுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடைந்த கல்லின் கூர்மை அங்கே இல்லை. விளிம்பு மழுங்கி, சற்றுத் தடித்து, உள்வளைந்திருக்கிறது. அதாவது காயம் ஆறியிருக்கிறது. கடிபட்ட பிறகும் இது உயிரோடு இருந்திருக்கிறது.

வீட்டில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதனிடமோ தப்பித்து வந்தது" என்றார். ஒரு கை பெரிதும் ஒரு கை சிறிதுமாக வலையில் வரும் நண்டுகளை எடைபோட்டுப் பழகிய கண். கை ஒடிந்த நண்டு அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது புதுக் கை சிறிதாகத்தான் முளைக்கும். ட்ரைலோபைட்டும் ஓடு கழற்றி வளர்ந்த இனம்தான்.

குறை ஒன்று உண்டு. கூடவே தந்த அட்டையில் "அனோமலோகாரிஸ் கடித்தது" என்று அச்சிட்டிருந்தார்கள். இது சரியில்லை. அந்தப் பெரிய வேட்டைப் பிராணியின் முன்கைகள் மென்மையான இரையைப் பிடிக்கவே ஏற்றவை, கெட்டி ஓட்டை நொறுக்கும் வலு அவற்றுக்கு இல்லை என்று 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. கடித்தது யார் என்று இந்தக் கல்லை வைத்துச் சொல்ல முடியாது. ட்ரைலோபைட்டுகளில் ஆறிய காயங்கள் வலப்பக்கம் அதிகம் என்று பாப்காக், ராபிசன் என்ற இரு புதைபடிவ ஆய்வாளர்கள் 1989-இல் எழுதினார்கள். அதைப் போட்டிருந்தால் அட்டைக்குப் பொருள் இருந்திருக்கும். மாணவர்கள் அச்சிலிருப்பதை அப்படியே நம்புவார்கள், அதனால்தான் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மறுக்காமல் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

முள்முள்ளாக நிற்கும் மொராக்கோ ட்ரைலோபைட்டும் அங்கே இருக்கிறது, 9,000 ரூபாய். நான் எடுக்கவில்லை. முட்களின் அடியில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழ்கள் தெரிந்தன. பிசினில் வார்த்ததாக இருக்கலாம். அசல் பாறையிலிருந்து அப்படி ஒரு முள்ளைச் சேதமில்லாமல் விடுவிக்கப் பல நாள் உழைப்பு வேண்டும், அந்த உழைப்பின் விலை இதைவிட அதிகம்.

சுருண்டவை இன்னும் நாலைந்து பின்பக்கத் தட்டில் இருக்கின்றன. காலை வெளிச்சத்தில் போங்கள். கண்மேடுகள் இரண்டும் தேயாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். உடல் முழுவதையும் மூடிக்கொண்ட பிறகும் இதன் கண்கள் மட்டும் வெளியே பார்த்தபடி இருக்கும்.