குழந்தைக்கு கீமோ போர்ட் வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு

எங்கள் மகளுக்கு வந்தது ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) வகை ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும், அத்தனை நாளும் கையில் நரம்பு தேடிக் குத்த முடியாது, போர்ட் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, இன்னொரு ஆபரேஷனா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்த, நாங்கள் அவள் காலை அழுத்திப் பிடிக்க, "அம்மா, விடச் சொல்லும்மா" என்று அவள் அலறியதைக் கேட்ட பிறகு சரி என்று சொல்ல நேரம் ஆகவில்லை.

போர்ட் என்பது மார்பில் தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன வட்டமான பொருள். மேலே சிலிக்கோன் மூடி இருக்கும், தோல் வழியாக அதில்தான் ஊசி குத்தி மருந்து ஏற்றுவார்கள். போர்ட்டிலிருந்து போகும் மெல்லிய குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் முடியும். வின்கிறிஸ்டின், டாக்சோரூபிசின் மாதிரி கீமோ மருந்துகள் நரம்பை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள சதையே புண்ணாகிவிடும், அந்தப் பயம் இதில் ரொம்பக் குறைவு. ஊசியை எடுத்துவிட்டால் வெளியே எதுவும் தொங்காது, குளிக்கலாம், ஓடலாம். இதற்கென்றே ஹூபர் ஊசி இருக்கிறது, சாதாரண ஊசி போட்டால் மூடி கெட்டுவிடும்.

மரத்துப்போக வைக்கும் லிடோகெயின்–பிரிலோகெயின் களிம்பை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஊசி குத்துவதற்குக் குறைந்தது 60 நிமிஷம் முன்னால் போர்ட் இருக்கும் இடத்தில் தடவி மேலே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். வார்டுக்குப் போய்த் தடவினால் அவசரத்தில் பாதி நேரத்திலேயே குத்திவிடுவார்கள், வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புங்கள். இது பழகியதும் என் மகள் தானே சட்டையை விலக்கிக் காட்ட ஆரம்பித்தாள். எனக்கு இந்தச் சிகிச்சையில் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான்.

குறை என்றால் ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. கிருமி. கிருமியோடு போராடும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இறங்கிக் கிடந்த ஒரு வாரத்தில், போர்ட்டை ஃப்ளஷ் செய்த (குழாய் அடைக்காமல் இருக்க மருந்துத் திரவம் செலுத்திக் கழுவிய) கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குளிர் நடுக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, காய்ச்சல் ஏறியது. போர்ட்டிலிருந்து எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்தது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் அடங்கவில்லை, கடைசியில் போர்ட்டையே எடுத்துவிட்டார்கள். கீமோ தள்ளிப்போனது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அந்த நோய் என்ன செய்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவளுக்கு வேறு கவலை: "இனிமே கையிலதான் குத்துவாங்களா?" குத்த மாட்டார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாத நிலை, அதனால் கொஞ்ச நாள்தான், களிம்பு போட்டுத்தான் குத்துவார்கள் என்று உள்ளதைச் சொன்னோம். அழுதாள், ஆனால் நம்பினாள்.

நடுவில் கையில் பிக் லைன், அதாவது கை நரம்பு வழியாக உள்ளே போய், ஒரு முனை வெளியே நிற்கும் நீளமான குழாய். கட்டு நனையக் கூடாது, வெளியே நிற்கும் குழாயை இழுத்துவிடக் கூடாது, தூக்கத்திலும் பயம். ரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியானதும் மறுபக்கத்தில் புது போர்ட் வைத்தார்கள். அவ்வளவு பட்ட பிறகும் மறுபடி போர்ட்தான் வேண்டும் என்று நாங்களே கேட்டோம், இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

போர்ட் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி மறையாது. சில சமயம் போர்ட்டில் ரத்தம் வராமல் மக்கர் செய்யும், கையைத் தூக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள், அதற்கும் சரியாகாவிட்டால் குழாயில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது, அதற்குப் பதற வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் எந்தப் பக்கம் வைக்கப்போகிறார்கள், ஸ்கூல் பை வாரோ கார் சீட் பெல்ட்டோ அதன் மேல் அழுத்துமா, ஸ்கேனுக்குப் போடும் மருந்தை வேகமாகச் செலுத்தினால் தாங்கும் வகைதானா என்று கேளுங்கள். பயன்படுத்தாத காலத்தில் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். போர்ட்டுடன் தரும் அட்டையைக் கையோடு வைத்திருங்கள், வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் அங்கே முதலில் காட்ட வேண்டியது அதுதான்.