கட்டளையா, நம்பிக்கையா: எந்தப் பணிக் கலாச்சாரம் உங்களுக்கு?

குழு பெரிதாகும்போது பலரும் தடுமாறும் இடம் இது. முடிவுகள் மேலிருந்தே வரட்டுமா, வேலை செய்பவர்களிடமே விடலாமா?

வேகம்
கட்டளை: தொடக்கத்தில் வேகம். ஆள் கூடக்கூட எல்லாம் ஒருவரின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கும்.
நம்பிக்கை: பழக நாளாகும், அப்புறம் தானாக ஓடும்.

செலவு
கட்டளை: மேற்பார்வைக்கு.
நம்பிக்கை: பயிற்சிக்கு.

தவறு வெளிவருவது
கட்டளை: பயத்தில் மறைப்பார்கள்.
நம்பிக்கை: சீக்கிரமே சொல்வார்கள்.

என்னைக் கேட்டால் கடைசி அளவுகோல்தான் முக்கியம். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, விடுப்பும் தரக்குறைவும் மலிந்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அது மீண்டும் இயங்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள்தான். ஆனால் குறை கண்டால் உற்பத்தி வரிசையோரம் தொங்கும் கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தும் உரிமை இப்போது அவர்களுக்கு இருந்தது. தரம் வெகுவாக உயர்ந்தது, விடுப்பும் குறைந்தது. மாறியது நிர்வாகம் அவர்களை நடத்திய விதம்.

நெருக்கடி நேரம், அனுபவமில்லாத புதுக் குழு என்றால் கட்டளை முறை சரி. தரமும் புதுமையும் வேண்டும், திறமையானவர்கள் நிலைக்க வேண்டும் என்றால் நம்பிக்கை முறை. மருந்துத் தயாரிப்பு போன்ற துறைகளில் விதிகள் கறாராக இருக்கட்டும். ஆனால் அங்கேயும் பிழையைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள்.