மஸ்கெக்கின் முதுகில் ஒரு கூடு: ஏழு குளிர்காலத்து அனுபவம்

முதல் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை. வெளியே மைனஸ் 31. மஸ்கெக் என்ற பழைய பனி வண்டியின் முதுகில், ஆட்கள் இருந்து போக நான் கட்டிய கூட்டின் பின்கதவைத் திறந்து டோர்ச் அடித்தேன். உட்சுவரில் இருந்த திருகாணித் தலை ஒவ்வொன்றிலும் மல்லிகை மொட்டு அளவுக்கு வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வரிசை பிசகாமல், நான் ஆணி முடுக்கிய அதே 15 சென்ரிமீற்றர் இடைவெளியில். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஹீற்றரைப் போட்டு இருபது நிமிடத்தில் அவ்வளவும் உருகி, வாங்கில் இருந்தவர்களின் கழுத்துக்குள் சொட்டியது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

குளிருக்குப் பயந்து கட்டிய கூடு இது. ஆனால் ஏழு வருடமும் நான் மல்லுக்கட்டியது ஈரத்தோடு. இந்தக் கூட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் “சுவருக்குள்ள எவ்வளவு தடிப்பில ஃபோம் போட்டீங்கள்?” என்றுதான் கேட்பார்கள். உள்ளே இருக்கிற எட்டுப் பேரின் மூச்சு எங்கே போகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கட்டும்போது நானும் கேட்கவில்லை.

வண்டி, 1960களில் செய்த பொம்பார்டியர் மஸ்கெக். வடக்கு ஒன்ராறியோவில் நிப்பிசிங் ஏரிக்கரையில் நாங்களும் மச்சான் குடும்பமும் பங்குக்கு ஒரு கொட்டேஜ் வாங்கியிருந்தோம். குளிர்காலத்தில் அதன் கடைசி ஆறு கிலோமீற்றர் வீதியைப் பனி வழிப்பதில்லை. இளம்பொடியள் ஸ்நோமொபீலில் போய்விடுவார்கள். எழுபத்தெட்டு வயது அம்மாவையும் மூன்று வயதுப் பிள்ளையையும் அதில் எப்படி ஏற்றுவது? 2017இல், மின்கம்பி வேலை செய்யும் ஒப்பந்தகாரர் ஒருவரின் வளவில் புல்லுக்குள் புதைந்து கிடந்த இதைக் கண்டேன். முன்னுக்குக் கிரைஸ்லர் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதோடு ஒட்டினாற்போல் சாரதி, பின்னால் வெறும் தட்டையான தளம். ஸ்ரியரிங் வளையம் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். இடப்பக்கத்தை இழுத்தால் இடப்பக்க ட்ராக் (சில்லுக்குப் பதிலாக ஓடுகிற அகலப் பட்டை) வேகம் குறையும், மற்றது அந்த அளவுக்குக் கூடும். வண்டி தானாகத் திரும்பும்.

இந்த வண்டியின் பூர்வீகம் தெரிந்தால் கூட்டு வேலையில் பாதி விளங்கும். கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியர் 1937இல் ஏழு பேர் போகிற பி7 பனி வண்டியையும், பிறகு பன்னிரண்டு பேர் போகிற பி12ஐயும் விற்கத் தொடங்கினார். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ட்ராக், வால்பக்கம் எஞ்சின், உடம்பு முழுக்க வளைத்த பிளைவூட், சுற்றிவரக் கப்பலில் இருப்பதுபோல வட்ட யன்னல். வைத்தியர், தபால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் போனார்கள். 1940களின் கடைசியில் கியூபெக் அரசு நாட்டுப்புற வீதிகளையும் பனி வழிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. அவர் காட்டுக்கும் சதுப்புக்கும் போகும் வேலை வண்டிகளின் பக்கம் திரும்பினார். 1953இல் மஸ்கெக் வந்தது அப்படித்தான். மஸ்கெக் என்றாலே சதுப்பு நிலம், வடக்கத்திய ஆதிக்குடிகளின் சொல். 1957-58இல் பிரித்தானியரான விவியன் ஃபக்ஸின் குழு அந்தாட்டிக்காவைக் குறுக்கறுத்தபோது ஸ்னோ-கேட், வீசல் என்ற வேறு பனி வண்டிகளோடு ஒரு மஸ்கெக்கும் வெளிக்கிட்டது. 99 நாள் கழித்து மறுகரையில் இருந்த ஸ்கொட் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு ஸ்னோ-கேட்கள் மட்டும்தான் என்பதை மச்சானுக்கு நான் சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் மஸ்கெக் சாமான் ஏற்றச் செய்த வண்டி. அதில் ஆட்களை ஏற்றுவது நாங்களாகச் செய்யும் வேலை.

2018 கோடையில் கட்டினேன். சதுரக் குழாய் இரும்பில் எலும்புக்கூடு, வெளியே அலுமினியத் தகடு, நடுவில் 5 சென்ரிமீற்றர் ஃபோம், உள்ளே பேர்ச் பிளைவூட். இரும்பும் அலுமினியமும் நேரே தொட்டால் உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும் என்பதால் இடையில் றப்பர் நாடா ஒட்டினேன். ஏழு வருடத்தில் கையே வைக்காத ஒரே இடம் அதுதான். கூட்டின் எடை 410 கிலோ. பொருட்செலவு, ஹீற்றரோடு சேர்த்து 7,200 டொலர். பெற்றோல் எத்தனை லீற்றர் குடிக்கிறது என்று எழுதமாட்டேன், மனைவியும் இதை வாசிப்பார்.

முதல் பிழை, கூட்டைத் தளத்தோடு நான்கு மூலையிலும் இறுக்கிப் போல்ற் போட்டது. பனி மேட்டில் ஒரு பக்க ட்ராக் ஏறும்போது வண்டியின் சட்டம் முறுகும், முறுகத்தான் வேண்டும். கூடு முறுகாது. மூன்று கிழமையில் முன்மூலையில் வெல்டிங் பிளந்தது. இப்போது பின்னால் இரண்டு றப்பர் தாங்கிகள், முன்னால் நட்டநடுவில் அசையக்கூடிய ஒற்றைத் தாங்கி. மூன்று காலில் நிற்கிற முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது வீட்டில் தேங்காய் துருவினவர்களுக்குத் தெரியும். எனக்கு வெல்டிங் பிளந்த பிறகுதான் உறைத்தது.

யன்னல்களுக்கு 6 மில்லிமீற்றர் பொலிகாபனேற், கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் தகடு. “துளை போட்டு முடுக்கினால் போதும்” என்றார் விற்றவர். நான் பிளஸ் 28 பாகையில், கராச்சுக்குள் நின்று முடுக்கினேன். ஒரு மீற்றர் நீளத் தகடு அறுபது பாகை குளிர்ந்தால் நான்கு மில்லிமீற்றர் சுருங்கும், இரும்புச் சட்டம் ஒரு மில்லிமீற்றர்கூடச் சுருங்காது. சனவரியில் ஓர் இரவு துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். காலையில் பார்த்தால் மூலைத் துளையில் இருந்து குறுக்கே ஒரு கோடு. பிறகு துளையே இல்லாமல் றப்பர்க் காடிக்குள் செருகி, மூலைகளை உள்ளங்கை அளவுக்கு உருட்டிவிட்டேன். கூர்மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். பி12இன் வட்ட யன்னலை அதுவரை அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தேன்.

இனி ஈரம். சும்மா இருக்கிற ஆள் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவில் தண்ணீர் விடுகிறார். எட்டுப் பேருக்கு 300 கிராமுக்கு மேல். சப்பாத்தில் ஒட்டி வரும் பனி வேறு. இந்தத் தண்ணீர் கூட்டுக்குள்ளேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் உட்காரும். எனக்கு அந்த இடம் திருகாணித் தலை. ஏனென்றால் ஒவ்வொரு திருகாணியும் ஃபோமைத் தாண்டி இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிக்குளிருக்கு நானே வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒன்றல்ல, முந்நூற்றுச் சொச்சம்.

இரண்டாம் வருடம் உட்பலகையைக் கழற்றி, குழாய்களின் மேல் ஒரு சென்ரிமீற்றர் ஃபோம் நாடா ஒட்டி, அதன் மேல் மரச்சட்டம் வைத்து, திருகாணியை மரத்தோடு நிறுத்தினேன். மொட்டுகள் போயின. ஆனால் யன்னல் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மா, “தம்பி, ஏரி பாக்கக் கூட்டிக்கொண்டு வந்தியோ, குளிர்ப்பெட்டிக்குள்ள வைக்கக் கூட்டிக்கொண்டு வந்தியோ?” என்று கேட்டார்.

விடை ஹீற்றரில் இருந்தது. டீசலில் எரிகிற 2 கிலோவாட் காற்று ஹீற்றர், மணிக்குக் கால் லீற்றர் போகும். எஞ்சின் பெற்றோல் என்பதால் இதற்குத் தனியாக ஐந்து லீற்றர் தாங்கி. அதை உள்காற்றையே இழுத்துச் சூடாக்கி உள்ளே விடும்படி பூட்டியிருந்தேன். சிக்கனம் என்று நினைப்பு. உண்மையில் ஒரே ஈரத்தைத் திருப்பித் திருப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். மைனஸ் 25 காற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அது எல்லாவற்றையும் உலர்த்தும். இழுகுழாயை வெளியே மாற்றி, பின்சுவரின் அடியில் வாங்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடித்துவாரம் வைத்தேன். உள்ளே வெப்பம் ஏழெட்டுப் பாகை குறைந்தது. யன்னல் தெளிந்தது. எல்லாரும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள், 12 பாகை தாராளம்.

அந்தத் துவாரத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் பெப்ரவரியில், பின்கதவு சரியாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளியோடு ஓடினோம். எஞ்சினின் புகைக்குழாய் அப்போது தளத்துக்கு அடியில், பக்கவாட்டில் முடிந்தது. ஓடும் பெட்டியின் முதுகுப் பக்கத்தில் காற்றழுத்தம் குறையும், பக்கத்தில் விட்ட புகை சுழன்று பின்கதவால் உள்ளே வரும். புகையில் இருக்கிற நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. அலாரம் கத்தியது. மகள் அதற்கு முன்பே “தலையிடிக்குது” என்று சொல்லியிருந்தாள், எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு, புகைக்குழாயை முன்பக்கமாகச் செங்குத்தாக உயர்த்திக் கூரைக்கு மேலே விடும்வரை ஒருவரையும் ஏற்றவில்லை. இப்போதைய துவாரத்துக்கு ஒருவழி மடல் இருக்கிறது, காற்று வெளியே மட்டும் போகும். அலாரமும் வீட்டில் மாட்டுகிற வகை வேண்டாம், பெரும்பாலானவை 4 பாகைக்குக் கீழே உத்தரவாதம் இல்லாதவை. பயண வண்டிகளுக்கென்று குளிர் தாங்குகிறவை தனியாக விற்கிறார்கள். எனக்கு முதல் வருடம் அதிர்ஷ்டம்.

மகள் சொன்னது கேட்காமல் போனதுதான் என்னை அதிகம் அரித்தது. சாரதி வேறு கூண்டில், ஆட்கள் வேறு கூட்டில். முதலில் மின்மணி பூட்டினேன். குளிரில் அதன் பொத்தான் இரண்டு தரம் உறைந்தது. மூன்றாவதாகச் செய்தது ஊர் பஸ் வேலை: கூரையோடு நீளத்துக்கு ஒரு கயிறு, கயிற்றின் முனையில் என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி. ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் என்றால் போகலாம். கொழும்பு-யாழ்ப்பாணம் ஓடின எந்த நடத்துநரும் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்கலாம். ஆறு வருடமாக ஒரு பழுதில்லை.

ஏரியில் ஓடுவது தனி விசயம். ட்ராக் வண்டி பனியில் மிதக்கும், பனிக்கு அது லேசான வண்டி. ஐஸுக்கு அந்தக் கணக்கு இல்லை, மொத்த எடைதான் பார்க்கும். நாங்கள் எல்லாரும் ஏறினால் நான்கு தொன்னுக்குக் கிட்ட. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லோர்ன் கோல்ட் தந்த எளிய கணக்கு இருக்கிறது: ஐஸின் தடிப்பைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 3.5ஆல் பெருக்கினால் தாங்கும் கிலோ. 34 சென்ரிமீற்றர் என்றால் மட்டுமட்டாக நான்கு தொன். அதுவும் தெளிந்த நீல ஐஸுக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸைப் பாதியாகத்தான் எண்ணவேண்டும். நான் வழிநெடுகத் துளையிட்டுப் பார்த்து, 40 சென்ரிமீற்றர் நீல ஐஸ் இல்லையென்றால் கரையோரக் காட்டுப்பாதையால் சுற்றிப் போவேன்.

வேகமும் இருக்கிறது. ஓடும் வண்டிக்குக் கீழே தண்ணீரில் ஓர் அலை எழும்பும். வண்டியும் அலையும் ஒரே வேகத்தில் போனால் ஐஸ் அளவுக்கு மீறி வளையும். நிப்பிசிங் ஆழமில்லாத ஏரி, சராசரி 4.5 மீற்றர்தான். அந்த ஆழத்துக்கு அலையின் வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவில் வரும், கரைக்குக் கிட்ட 2 மீற்றர் ஆழத்தில் 16. மஸ்கெக் சுகமாக ஓடுகிற வேகமும் அதேதான். அதனால் ஏரியில் நடைவேகத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பின்னால் பொடியள் மணிக்கயிற்றை இழுத்து இழுத்து நச்சரிப்பார்கள். இழுக்கட்டும்.

கூரையில் 60 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு தப்பும் வழி. பி12இலும் கூரை வாசல் உண்டு, அது காரணமில்லாமல் இல்லை. ஐஸில் இறங்குமுன் இருக்கைப் பட்டி கழற்றி, பின்கதவுக் கொளுவியை எடுத்துவிடுவோம். கூரை வாசலின் றப்பர் விளிம்புக்கு நவம்பரில் சிலிக்கன் கிறீஸ் பூசாவிட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வருடம் நான் மறந்தேன். சோதித்துப் பார்க்கத் தள்ளியபோது மச்சானும் நானும் சேர்ந்தும் திறக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு திறந்து மூடுவது மகளின் வேலை.

வாங்குகள் பக்கவாட்டில், முழங்கால் முட்ட எதிரெதிரே. முன்பார்த்த இருக்கை வைத்திருந்தால் ஐந்து பேருக்குமேல் இடமில்லை. சத்தம் குறையவில்லை, குறையப்போவதுமில்லை. காதடைப்பான் பெட்டியொன்று கதவடியில் தொங்குகிறது. எட்டுப் பேரும் பின்னால் நெருக்கி இருந்தால் மூக்குத் தூக்கி, மேட்டில் ட்ராக்கின் வால் தோண்டும். அதனால் கூட்டையே 20 சென்ரிமீற்றர் முன்னுக்கு நகர்த்தினேன். அது ஒரு சனிக்கிழமை வேலை.

மிஞ்சியிருப்பது கதவு. 58 சென்ரிமீற்றர் அகலம். யூலை மாதத்தில் அரைக்காற்சட்டையோடும் ரீ-சேட்டோடும் நானே உள்ளே போய், வெளியே வந்து, “தாராளம்” என்று சொல்லிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டியது. குளிர்ச்சட்டை, உள்சட்டை, முழங்கால்வரை சப்பாத்து எல்லாவற்றோடும் அம்மாவை அதற்குள்ளால் ஏற்றுவதற்கு ஏழு வருடமாக ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, ஒருவர் பின்னால் தாங்க வேண்டியிருக்கிறது. போன கிழமை பின்சுவரை வெட்டினேன், இந்தமுறை 75. கராச்சுக்குள் 26 பாகை வெயிலில் அம்மாவுக்குக் குளிர்ச்சட்டை போட்டு, சப்பாத்தும் போட்டு, நிறுத்தி அளந்துதான் கோடு போட்டேன். “கெதியா அளந்து முடி” என்றார்.