நடந்து போய்க் குடிக்க வேண்டிய பருத்திப்பால்

மதுரைக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிற வழியில், ஊருக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் பருத்திப்பால் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தார்ப்பாய், இரண்டு மரப் பெஞ்சு, பெரிய பித்தளைக் குண்டா ஒன்று, பக்கத்தில் இட்லிக் கொப்பரை. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். போன ஐப்பசியில் தொடங்கி இன்றுவரை பதினோரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவை தவிர மற்றதெல்லாம் நடந்து போனதுதான். அந்த ஒரு தடவையைப் பற்றியும் சொல்கிறேன், அது இந்தக் கடையைப் பற்றிய முக்கியமான விஷயம்.

மதுரைக்காரர்களுக்குப் பருத்திப்பாலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பருத்தி விதையை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுப்பார்கள். ஒரு தடவையோடு விட மாட்டார்கள். சக்கையைத் திரும்ப ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று வெள்ளை போகும்வரை பிழிவார்கள். அதை அடுப்பில் வைத்து, பச்சரிசியை அரைத்துக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகு சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. கை ஓயாமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கட்டி தட்டும், அடிப்பிடிக்கும்.

சில வண்டிக் கடைகளில் அரிசி மாவைத் தூக்கலாகக் கரைத்துவிடுவார்கள். குடித்தால் இனிப்புக் கஞ்சி மாதிரி இருக்கும், விதையின் ருசியே தெரியாது. இங்கே அப்படி இல்லை. முதல் வாயிலேயே விதையின் எண்ணெய்ப் பசை நாக்கில் படுகிறது, பச்சை வாசனை துளியும் இல்லை. கருப்பட்டி அளவோடு. சுக்கு கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொண்டையில் சூடாக இறங்கும். தம்ளர் இருபது ரூபாய். அக்கா கரண்டியால் ஊற்றும்போதே அடியிலிருந்து ஒரு கிண்டு கிண்டித்தான் ஊற்றுவார், அதனால் முதல் தம்ளரும் கடைசித் தம்ளரும் ஒரே பதமாக இருக்கின்றன.

இப்போது அந்த நடை.

நாங்கள் நான்கு பேர், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். நாகமலைப் புதுக்கோட்டையில் அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்தோம். அரையாண்டு விடுமுறையில் வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வயல் வரப்பு, கண்மாய்க் கரை என்று சமணர் மலைவரை நடந்து போய்த் தாமரைக் குளத்தில் கால் நனைத்துவிட்டு வருவோம். அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளைகள். ஒருத்தி வங்கியில், ஒருத்தி செவிலியர், ஒருத்திக்குத் தையல் கடை, நான் பள்ளிக்கூடத்தில். எல்லாரும் மதுரையைச் சுற்றித்தான் இருந்தோம். ஆனால் முப்பது வருஷமாக யார் வீட்டு விசேஷத்திலாவது பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுதான் எங்கள் சிநேகம்.

தையல் கடைக்காரிக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மொட்டை மாடியில் எட்டு வரைந்து அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தாள். ஒருநாள் போனில், "எட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி மனசு வெறுத்துப் போச்சுடி, நம்ம கண்மாய்க் கரைப் பக்கம் போவோமா?" என்றாள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம்.

தேனி சாலையில் விடிவதற்கு முன்னால் கூடுவோம். கிழக்கு வெளுக்கும்போது ஊரைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. முதல்நாள் பழைய பாதையைத் தேடித் தோற்றோம். நாங்கள் ஓடிய வரப்பில் பாதி வீடாகிவிட்டது, மீதியைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. செவிலியர் தோழியின் துப்பட்டா முள்ளில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர்தான், "இப்படிப் போகாதீக தாயி, கலுங்கு வழியா ஏறிக் கரையோட போங்க" என்று கைகாட்டினார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் பாதை.

கரைமேல் ஏறிவிட்டால் காற்றே வேறு. மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்திருந்தபோது நாமக்கோழிகள் கறுப்புப் பொட்டுகளாக மிதந்தன. மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கையில் மங்கலாகத் தெரியும், பறந்தால் இறக்கை முழுக்க நீலம். செம்போத்து எங்கிருந்தோ 'ஊப் ஊப்' என்று அடிக்குரலில் கூப்பிடும். பொங்கலை ஒட்டி ஆவாரம்பூ பூத்துக் கிடந்தது. காப்புக் கட்டுவதற்குச் சிறுபூளையும் ஆவாரம்பூவும் வேண்டும் என்று நால்வரும் மடி நிறையப் பறித்து வந்தோம். இந்த வருஷம் பூ விலைக்கு வாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய பாம்பு இறைவனால் கல்லாகிப் போனது என்பது கதை. யானை யானைமலையானது, பசு பசுமலையானது. என் பாட்டி அதைச் சொல்லித்தான் எனக்குச் சோறூட்டினாள். எதிரே இருக்கிற மலையோ அதே சமணர்கள் தங்கிப் படித்து வாழ்ந்த இடம். நடந்து போகும்போதுதான் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரிகிறது.

நாங்கள் கடையைத் தாண்டிப் போய் முதலில் மலை ஏறிவிடுவோம். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகள். ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள்; மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லாம் உண்டு. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. சின்ன வயதில் எத்தனையோ தடவை அதன் முன்னால் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றிருக்கிறோம், இது தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு அம்மாவின் பெயர் பாறையில் இருக்கிறது என்று தெரிந்த அன்று வங்கிக்காரி வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவள் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. தானாகவே வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கினாள். தொலைபேசியில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்காது.

மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. குகை முகப்பில் சமணத் தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய சிற்பம். நீண்ட காதுகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லி, அந்தப் பெயரே நின்றுவிட்டது. நேரமிருந்தால் அதையும் பார்ப்போம்.

இறங்கி வரும்போது மணி ஏழே முக்கால் ஆகிவிடும். வயிறு கூப்பிடும். அந்த நேரத்தில் புளியமரத்தடிப் புகையைப் பார்த்தால் வருகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது? "என்ன ஆத்தா, நாலு பேரும் வந்துட்டீகளா?" என்பார் அக்கா. மூன்று பேர்தான் போனால், வராதவளுக்கு என்ன என்று விசாரிக்காமல் தம்ளரை எடுக்க மாட்டார். அண்ணன் பேசுவது குறைவு. விறகைத் தள்ளுவதும் தட்டைக் கழுவுவதும் அவர் வேலை.

இட்லி எட்டு ரூபாய். கல்லுரலில் ஆட்டியது இல்லை, கிரைண்டர் மாவுதான். ஆனால் துணி போட்டு அவிப்பதால் மேலே லேசான நெசவுத் தடத்தோடு, ஈரமாக, மெத்தென்று இருக்கும். சின்ன வெங்காயமும் வற்றலும் வைத்து அரைத்த காரச் சட்னியில் நல்லெண்ணெய் மிதக்கும். இதற்காகவே நான் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறேன். தேங்காய்ச் சட்னி சுமார், பொட்டுக்கடலை தூக்கல். உளுந்த வடையைச் சூடாக வாங்கினால் நன்றாக இருக்கும், ஆறினால் வேண்டாம். டீ வேண்டவே வேண்டாம். பாலைக் கொதிக்க விட்டுக்கொண்டே இருப்பதால் கனமாகி, சர்க்கரையும் அள்ளிப் போடுகிறார்கள். சர்க்கரைக்காரத் தோழி பருத்திப்பாலில் இரண்டு வாய் என்னிடமிருந்து வாங்கிக் குடிப்பாள், அதற்கு மேல் கேட்க மாட்டாள். அவளுக்காக அக்கா இப்போதெல்லாம் கருப்பட்டி சேர்க்கும் முன்பே அரைத் தம்ளர் எடுத்து, உப்புப் போட்டுத் தனியாக வைக்கிறார். கேட்காமலே செய்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கழிப்பிட வசதி பக்கத்தில் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பி திரும்பும்வரை நான்கு மணி நேரம், அதனால் நாங்கள் தண்ணீரைக் குறைவாகக் குடித்துக்கொண்டு நடக்கிறோம். அது சரியில்லை என்று செவிலியர் தோழி ஒவ்வொரு வாரமும் கோபப்படுகிறாள், அவள் சொல்வது நியாயம். சட்னியைப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பைகள் காற்றில் குளத்துப் பக்கம் போய்விடுகின்றன. நாங்கள் தூக்கு கொண்டுபோக ஆரம்பித்தோம், நீங்களும் கொண்டுபோங்கள். எட்டரைக்கு மேல் கல்யாண ஜோடிகளின் போட்டோ எடுக்கிற கூட்டம் வந்துவிடும், குண்டா காலியாகிவிடும். சில்லறை கையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த ஒரு தடவை. கார்த்திகை மாசம், முதல்நாள் ராத்திரி நல்ல மழை, கரை சேறாகக் கிடக்கும் என்று வங்கிக்காரியின் காரில் போய்விட்டோம். பத்து நிமிஷத்தில் கடை முன்னால் இறங்கினோம். அதே குண்டா, அதே பதம், அதே சுக்கு. பாதித் தம்ளருக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. பசிக்கவே இல்லை. பேச்சும் ஓடவில்லை, ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்தோம். "மழைல நனைஞ்சுட்டீகளா, முகமே சரியில்லையே?" என்று அக்கா கேட்டார். திரும்பும்போது வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மடைவரை நடந்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது.

அதனால் என் பரிந்துரை: பருத்திப்பாலுக்காக மட்டும் வண்டியில் வந்தால் நகரத்திலேயே இதற்கு இணையாகக் கிடைக்கும் இடங்கள் உண்டு. ஒரு மணி நேரமாவது நடந்து வருவதானால், கூடப் பேச ஆள் இருந்தால், இந்தக் கடையை விட்டுவிடாதீர்கள். காலுக்குப் பிடிப்புள்ள செருப்பு அவசியம். பேச்சிப்பள்ளத்துப் படிகள் பனியில் வழுக்கும்.

பங்குனி வெயில் வந்துவிட்டால் கடை போடுவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். ஆடிக் காற்று அடங்கினதும் பார்ப்போம் என்கிறார். மாசி முடிய இன்னும் நான்கு ஞாயிறு இருக்கிறது. நான்கையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தையல் கடைக்காரி நால்வருக்கும் தூக்கு வைக்க ஒரே துணியில் பை தைத்துக்கொண்டிருக்கிறாள்.