செகண்ட்ஸ்ல எடுத்த ஆர்கான் வெல்டிங் மெஷின், 8 மாசம் கழிச்சு

நம்ம சேலத்துல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு பஞ்சமில்ல, ஹேண்ட்ரெயில் ஆர்டர் ரெண்டு சேந்தாப்ல வந்துச்சு, புதுசு வாங்க கையில காசில்ல, அதான் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு பழைய மெஷின் கடையில 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் டிக் (TIG, அதான் ஆர்கான் வெல்டிங்) மெஷின் எடுத்தேன். கடைக்காரர் "அலுமினியமும் அடிக்கலாம்ணா"ன்னார், பேனல்ல பாத்தா டிசி மட்டுந்தான். அலுமினியத்துக்கு ஏசி வேணும், மேல இருக்கற ஆக்ஸைடு படலம் அதுலதான் உடையும். எனக்கு எஸ்எஸ் போதும், ஆனா அதையே சொல்லி 2000 கொறச்சுட்டேன்.

என் சொந்த ஆர்கான் சிலிண்டரயும் 5 எம்எம் பிளேட் துண்டயும் டிவிஎஸ் எக்ஸெல்ல வச்சு கொண்டுபோயிருந்தேன், அது நல்லதாப் போச்சு. எச்எஃப் (ஹை ஃப்ரீக்வென்சி) ஸ்டார்ட்ல, முனைய பிளேட்ல உரசாமயே ஆர்க் பத்துச்சு. 140 ஆம்ப்ஸ்ல வச்சு ஓட்டுனேன், கட் ஆகல, ஃபேன் சத்தமும் மாறல. மெஷின்ல ஒட்டியிருக்கற பிளேட்ல 60 பர்சென்ட் டூட்டி சைக்கிள்னு போட்ருக்கு, அதாவது 10 நிமிஷத்துல 6 நிமிஷம் ஓட்டலாம், பழசுல அத அப்படியே நம்பிடாதீங்க.

கோட்ட விட்டது கேஸ் வால்வுலதான். ஆர்க் நின்னப்பறமும் சில செகண்ட் கேஸ் வரணும், இதுல உடனே நின்னுடுது, டார்ச்ல இருக்கற டங்ஸ்டன் முனை கருகிப்போகுது, பட்டறைக்கு வந்தப்பறந்தான் கவனிச்சேன். திரும்ப போய் கேட்டா "டெஸ்ட் பண்ணித்தானணா எடுத்தீங்க"ங்கறார். கேஸ தொறந்து மூடற அந்த சோலனாய்டு வால்வ நானே மாத்துனேன், டார்ச் ஓஸும் வெடிச்சிருந்துச்சு, அதுவும் என் செலவுதான்.

மெஷினுக்கு 4 ஸ்டார். கடைக்கு 2, அதுல ஒண்ணு அங்க வாங்கிக்குடுத்த டீக்கு.